குன்னூரில் பிறந்த இருதய மேதை பால் வுட்

நீலகிரியின் குன்னூரை அறியாத தமிழர் இரார். மேட்டுப்பாளையத்தினின்று பற்சக்கரத்தின் உதவியால் மலையேறும் ரயில் 1899-ஆம் ஆண்டிலேயே குன்னூரை எட்டிவிட்டது. உதகமண்டலத்தை அடைய அதற்கு மேலும் ஒன்பது ஆண்டுகள் தேவைப்பட்டன. அந்த ஒன்பது ஆண்டுகளுக்கு இடைப்பட்ட 1907-இல், ஆகஸ்டு 16-ஆம் நாள், அவ்வூரில் ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தில் ஓர் ஆண் மகவு பிறந்தது. தந்தையார் இந்திய சிவில் சர்வீஸ் உத்தியோகஸ்தர். நாய்க்கடி நோய்க்கு மருந்து செய்த பாஸ்டர் நிலையமும் அதே ஆண்டில் அதே ஊரில் தோன்றியது. மருத்துவ உலகுக்குக் குன்னூர் அளித்த இவ்விரு கொடைகளுள் நிலையத்தைப் பலர் அறிவர். குழந்தையைச் சிலரே அறிவர். அக்குழந்தைதான் பிற்காலத்தில் உலகெங்கும் இருதய வைத்தியர்களால் ஆசானாகப் போற்றப்பட்ட டாக்டர் பால் ஹாமில்டன் வுட்.

பிறந்த மண்ணை விட்டுத் தொலைதூரத்தில் வாழ்ந்து பெயர் பெற்றவர்களின் கதை, நம்மைப் போன்று பிழைப்பின் பொருட்டு ஊர் விட்டு ஊர் வந்த குடும்பத்தினர்க்கு எப்போதும் இனிக்கும். ஆயினும், நம் மலையில் பிறந்தவர் என்ற ஒரே காரணத்துக்காக மட்டும் இவர் வரலாற்றை இம்மலரில் எழுதப் புகவில்லை. இவர் ஆராய்ந்து கண்ட உண்மை, கைக்குழந்தை உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் தொடர்புடையது. இருதயத்தில் துவாரத்துடன் பிறக்கும் குழந்தைகளுள் எவருக்கு அறுவை சிகிச்சை உயிர் கொடுக்கும், எவருக்கு அதே சிகிச்சை உயிரை வாங்கும் என்ற கேள்விக்குத் தெளிவான அளவுகோல் வகுத்துத் தந்தவர் இவர். கத்தி பிடித்த கை இவருடையதன்று. கத்தியை எப்போது எடுக்கவேண்டும், எப்போது கீழே வைக்கவேண்டும் என்று சொல்லிய அறிவே இவருடையது.

இளமையும் கல்வியும்

வுட் பிறந்தது இந்தியாவில். படித்ததோ ஆஸ்திரேலியாவுக்குத் தெற்கேயுள்ள டாஸ்மேனியத் தீவில். லான்ஸெஸ்டன் நகரின் திருச்சபை இலக்கணப் பள்ளியில் பயின்றபின் மெல்போர்ன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த டிரினிடி கல்லூரியில் தங்கி மருத்துவம் கற்றார். 1931-இல் பட்டம் பெற்று, நியூஜீலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகர மருத்துவமனையில் பணிபுரிந்தார். பின்னர் 1930-களின் முற்பகுதியில் கப்பலேறி லண்டன் மாநகரை அடைந்தார்.

அந்நாளில் லண்டன் மருத்துவ உலகில் வேற்றிடத்திலிருந்து வந்த இளைஞனுக்கு முன்வரிசை எளிதில் கிட்டாது. தம் பேச்சில் கூர்மையும் உழைப்பில் விடாப்பிடியும் கொண்டிருந்த வுட், தேசிய இருதய மருத்துவமனையில் உள்ளுறை வைத்தியராகச் சேர்ந்தார். அடுத்து, ஹாமர்ஸ்மித்தில் பட்டதாரி மருத்துவர்களின் மேற்பயிற்சிக்கென அமைந்த பிரிட்டிஷ் முதுநிலை மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றார். 1940-இல் லண்டன் ராஜாங்க மருத்துவர் கழகத்தின் உறுப்பினருள் உயர்ந்த நிலையை எய்தியபோது அவருக்கு வயது 33 கூட நிரம்பியிருக்கவில்லை அல்லது அப்போதுதான் நிரம்பியிருந்தது.

போர்வீரர்களின் இருதயம்

இரண்டாம் உலகப் போர் மூண்டது. படை முகாம்களில் ஒரு விசித்திர நோய் பரவலாகக் காணப்பட்டது. சிப்பாய்கள் மூச்சுத் திணறுகிறது, நெஞ்சு படபடக்கிறது, மார்பின் இடப்புறம் வலிக்கிறது, நடந்தால் களைப்பு மேலிடுகிறது என்று சொல்லி மருத்துவமனைகளை நிறைத்தனர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இத்தகைய வீரர்களைக் கண்டு 1871-இல் விவரித்து எழுதிய டா கோஸ்டா என்ற வைத்தியரின் பெயராலேயே இந்நோய் வழங்கி வந்தது. வீரனின் இருதயம் என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. இருதய நோய் என்று முத்திரை குத்தப்பட்டவன் வாழ்நாள் முழுதும் நோயாளியாகவே முடங்கிப் போனான்.

வுட் இந்நோயாளிகளை ஒவ்வொருவராக ஆராய்ந்தார். இருதயத்தில் பழுது இல்லை என்பதையும், அச்சமும் மனக்கலக்கமுமே உடலில் இவ்வாறு வெளிப்படுகின்றன என்பதையும் 1941-இல் கூல்ஸ்டோனியன் சொற்பொழிவுகள் வாயிலாக எடுத்துக்காட்டினார். இல்லாத நோய்க்கு மருந்து கொடுப்பது உள்ள நோயை விட்டுவிடுவதற்கு ஒப்பான தீங்கு என்ற கொள்கை அவர் உள்ளத்தில் அப்போதே வேரூன்றியது எனலாம். பின்னர் அவர் ராணுவ மருத்துவப் படையில் சேர்ந்து வட ஆப்பிரிக்காவிலும் இத்தாலியிலும் தொண்டாற்றிப் பிரிகேடியர் பதவி வரை உயர்ந்தார். அச்சேவைக்காக ஓ.பி.இ. என்ற விருதும் அவருக்குக் கிடைத்தது.

காதும் கையும் நுண்குழாயும்

போர் ஓய்ந்தது. மருத்துவத்தில் ஒரு புதிய கருவி வந்து சேர்ந்தது. கை நரம்பு வழியாக மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, அதை இருதயத்தின் அறைகளுக்குள்ளும் அதற்கப்பால் நுரையீரலுக்குச் செல்லும் தமனிக்குள்ளும் கொண்டுபோய், ஆங்காங்கே இரத்த அழுத்தம் எவ்வளவு, இரத்தத்தில் பிராணவாயு எவ்வளவு என்று நேரில் அளக்கலாயிற்று. அதுவரை வைத்தியர்கள் சுவருக்கு வெளியே நின்று வீட்டினுள் நடப்பதை ஊகித்து வந்தனர். இப்போது கதவு திறந்துவிட்டது.

இக்கருவி வந்ததும், இனி நாடி பார்ப்பதும் மார்பில் காது வைப்பதும் எதற்கு என்று சிலர் எண்ணினர். வுட் அவ்வாறு எண்ணவில்லை. குழாய் காட்டிய எண்ணையும், தம் கையும் காதும் கண்ட குறியையும் அவர் அருகருகே வைத்து ஒப்பிட்டார். கழுத்து நரம்பின் அலை எவ்வாறு எழுந்தால் உள்ளே எந்த அறை திணறுகிறது. இருதயத்தின் இரண்டாம் ஒலி ஒன்றாகக் கேட்டால் என்ன, இரண்டாகப் பிளந்து கேட்டால் என்ன. உள்ளங்கையை மார்பில் வைத்தால் எந்த இடத்தில் எத்தகைய உந்துதல் தெரியும் என்பனவற்றை நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் சோதித்து, குறிகளுக்கு உறுதியான பொருள் கண்டார். விலையுயர்ந்த கருவி இல்லாத சிற்றூர் வைத்தியரும் கையாலும் காதாலும் பெரும்பாலான நோய்களைப் பிரித்தறிய இவ்வுழைப்பே வழி செய்தது.

1947-இல் லண்டனில் இருதய நோய்க் கல்விக்கென ஒரு நிலையம் நிறுவப்பட்டது. வுட் அதன் முதல்வராக அமர்ந்தார். 1950-இல் அதன் இயக்குநரானார். அவ்வாண்டிலேயே இருதயமும் இரத்த ஓட்டமும் பற்றிய நோய்கள் என்ற பொருள்பட அவர் எழுதிய பெருநூல் வெளிவந்தது. பலர் கூடி எழுதும் நூலாக அன்றி, ஒரே மனிதர் தம் அனுபவத்தினின்று எழுதிய நூலாதலின் அது ஒரே குரலில் பேசியது. 1956-இல் திருத்திய இரண்டாம் பதிப்பு வந்தது. உலகின் பல பாகங்களிலிருந்தும் இளம் வைத்தியர்கள் அவரிடம் பயில லண்டனுக்குக் கப்பலேறினர்.

அவர் பாடம் நடத்தும் முறை அச்சம் விளைவிப்பது. நோயாளியை மாணவர் சோதித்து, தம் முடிவைக் காரணத்துடன் கூறவேண்டும். அரைகுறையாகப் பார்த்தவரும், பார்க்காததைப் பார்த்ததாகக் கூறியவரும் அவருடைய கூரிய நாவுக்குத் தப்ப இயலாது. எல்லாரும் முடிவு கூறியபின்னரே நுண்குழாய் அளந்த எண்கள் வெளியிடப்படும். அவ்வெண்கள் ஆசிரியரையே பொய்யாக்கினால் அதையும் அவர் மறைப்பதில்லை. எங்கே தவறியது என்று தம்மையே வைத்துப் பாடம் நடத்துவார்.

துவாரமும் அழுத்தமும்

வுட்டின் தலைசிறந்த பணியை அறிய இருதயத்தின் அமைப்பைச் சற்று நினைவில் கொள்ளவேண்டும். நம் இருதயம் உண்மையில் ஒட்டி நிற்கும் இரண்டு பம்புகளாகும். வலப்பக்கத்துப் பம்பு, உடலெங்கும் சுற்றி வந்த கருஞ்சிவப்பு இரத்தத்தை நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடப்பக்கத்துப் பம்பு, நுரையீரலில் பிராணவாயு பெற்றுச் செந்நிறமான இரத்தத்தை உடலுக்கு அனுப்புகிறது. இடப்பக்கத்தினின்று புறப்படும் மகாதமனியில் அழுத்தம் சுமார் 120 மில்லிமீட்டர் ஏறுமாயின், வலப்பக்கத்தினின்று புறப்படும் நுரையீரல் தமனியில் சுமார் 25 மில்லிமீட்டர் அளவே ஏறும். நுரையீரலின் வழி அகலமானது. அங்கே தள்ள அதிக வலிமை வேண்டியதில்லை.

இவ்விரு பம்புகளுக்கும் நடுவேயுள்ள சுவரில் துவாரத்துடன் சில குழந்தைகள் பிறக்கின்றன. வேறு சில குழந்தைகளுக்கு, கருவில் மகாதமனியையும் நுரையீரல் தமனியையும் இணைத்திருந்த குழாய் பிறந்தபின்னும் மூடிக்கொள்ளாது நின்றுவிடுகிறது. எவ்வாறாயினும் விளைவு ஒன்றே. அழுத்தம் மிகுந்த இடப்புறத்தினின்று செந்நீர் வலப்புறம் பாய்ந்து, மீண்டும் நுரையீரலுக்கே செல்கிறது. நுரையீரலில் வேண்டியதற்கு இருமடங்கு, மும்மடங்கு இரத்தம் பெருக்கெடுக்கிறது. குழந்தை பால் குடிக்கையில் மூச்சு வாங்குகிறது, நெற்றியில் வியர்வை துளிர்க்கிறது, எடை ஏறுவதில்லை, அடிக்கடி சளியும் காய்ச்சலும் காண்கின்றன.

துவாரம் பெரிதாக இருந்து, இந்நிலை கவனிக்கப்படாமல் நீடித்தால் நுரையீரலின் நுண்தமனிகள் இவ்வெள்ளத்தையும் அழுத்தத்தையும் தாங்கமாட்டாமல் தம் சுவர்களைத் தடித்துக்கொள்கின்றன. சுவர் தடிக்கத் தடிக்க உள்வழி குறுகுகிறது. வழி குறுகவே நுரையீரலுக்குப் பாயும் இரத்தமும் குறைகிறது. இங்கேதான் ஒரு பெரிய ஏமாற்றம் ஒளிந்திருக்கிறது. பெருக்கு வடிந்ததும் குழந்தையின் மூச்சிரைப்பு தணிகிறது; மார்பில் கேட்ட இரைச்சல் ஒலியும் மெலிகிறது. குழந்தை தேறிவிட்டது, நாளடைவில் துவாரம் தானே மூடிவிட்டது என்று பெற்றோர் மகிழ்ந்து சிகிச்சையை நிறுத்திவிடுகின்றனர். உண்மையில் அது குணமன்று. கதவு அடைபடும் ஓசை. ஆண்டுகள் சென்றபின், நுரையீரலின் தடை உடலின் தடையை மிஞ்சும்போது ஓட்டம் திசை மாறுகிறது. கருநீர் இடப்புறம் பாய்ந்து உடலில் கலக்கிறது. உதடும் நகமும் நீலம் பாய்கின்றன.

1897-இல் இந்நிலையில் இறந்த 32 வயது மனிதர் ஒருவரை ஆஸ்திரிய வைத்தியர் விக்டர் ஐசன்மெங்கர் ஆராய்ந்து எழுதினார். குழந்தைப் பருவம் முதலே நீலம் பாய்ந்து மூச்சுத் திணறலுடன் வாழ்ந்த அம்மனிதர், இறுதியில் நுரையீரலிலிருந்து இரத்தம் கக்கி மாண்டார். பிரேதப் பரிசோதனையில் கீழறைச் சுவரில் பெரும் துவாரம் காணப்பட்டது. அதன்பின் அறுபதாண்டுகள் அந்நோய் ஓர் அபூர்வ அமைப்புக் கோளாறாகவே நூல்களில் இடம்பெற்று வந்தது.

கத்தியின் வெற்றியும் அதன் எல்லையும்

இதற்கிடையே அறுவை வைத்தியம் வியத்தகு வேகத்தில் முன்னேறிற்று. 1938-இல் பாஸ்டன் நகரில் ராபர்ட் கிராஸ் என்பவர் மூடாத தமனிக் குழாயைக் கட்டி ஒரு சிறுமியைக் காப்பாற்றினார். 1953 மே மாதம் பிலடெல்பியாவில் ஜான் கிப்பன், இருதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் தற்காலிகமாக ஏற்கும் இயந்திரத்தைக் கொண்டு மேலறைச் சுவரின் துவாரத்தை அடைத்தார். 1954 மார்ச்சில் மினசோட்டாவில் வால்டன் லில்லஹெய், பெற்றவர் உடலின் இரத்த ஓட்டத்தையே குழந்தைக்கு இணைத்துக் கீழறைத் துவாரத்தைத் தைத்தார். மூடிய இருதயம் திறந்த புத்தகமாயிற்று. துவாரம் எங்கிருந்தாலும் அடைத்துவிடலாம் என்ற நம்பிக்கை எங்கும் எழுந்தது.

ஆயின் ஒரு புதிர் வைத்தியர்களைக் கலங்கச் செய்தது. சில நோயாளிகளுக்குத் துவாரம் செவ்வனே அடைக்கப்பட்டும் அவர்கள் பிழைக்கவில்லை. தையல் பிரியவில்லை, இரத்தம் கசியவில்லை, ஆயினும் வலப்பக்க இருதயம் துவண்டு நின்றது. அடைக்கவேண்டிய பழுதை அடைத்தபின் ஏன் இறக்கவேண்டும்?

இப்புதிரை வுட் அவிழ்த்தார். நம் தொழிலிலிருந்து ஓர் உவமை கூறலாம். ஒரு ஸ்டேஷனுக்கு அப்பால் பிரதான தண்டவாளம் ஏறக்குறைய அடைபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். வண்டிகள் பக்கத்திலுள்ள லூப் பாதை வழியே ஒருவாறு நகர்ந்து கொண்டிருக்கின்றன. லூப் பாதை இருப்பது முறையன்று என்று அதையும் பூட்டிவிட்டால் வண்டிகள் போவதெங்கே? நுரையீரல் தமனிகள் நிலையாக அடைபட்டவருக்கு அத்துவாரமே உயிர்ப்பாதை. அதை மூடினால், குறுகிய வழியே அனைத்து இரத்தத்தையும் தள்ளும் சுமை வலப்பக்க இருதயத்தின்மீது விழுகிறது. அச்சுமையில் அது முறிகிறது.

அப்படியாயின் அழுத்தம் மிகுந்த எவருக்கும் அறுவை கூடாதா? இங்கேதான் வுட்டின் அறிவு நுட்பம் விளங்குகிறது. அழுத்தம் வேறு, தடை வேறு என்றார் அவர். நுரையீரல் தமனியின் சராசரி அழுத்தத்திலிருந்து இடது மேலறையின் அழுத்தத்தைக் கழித்து, மிஞ்சியதை நிமிஷத்துக்கு நுரையீரல் வழியே ஓடும் இரத்தத்தின் லிட்டர் கணக்கால் வகுத்தால் கிடைப்பதே தடையின் அளவு. எளிய வகுத்தல் கணக்கு. ஆயின் உயிரின் கணக்கு.

எடுத்துக்காட்டாக இரு சிறுவர்களைக் கற்பனை செய்வோம். இருவருக்கும் நுரையீரல் தமனி அழுத்தம் 60. இடது மேலறை அழுத்தம் 10. வேறுபாடு 50. முதற் சிறுவனுக்கு நுரையீரல் வழியே நிமிஷத்துக்கு 12.5 லிட்டர் ஓடுகிறது. அவனது தடை 4. இரண்டாமவனுக்கு 4 லிட்டர்தான் ஓடுகிறது. அவனது தடை 12.5. அழுத்தம் ஒன்றே, விதி வேறு. முதல்வனுக்கு அழுத்தம் மிகுந்தது வெள்ளத்தால். துவாரத்தை அடைத்தால் வெள்ளம் வடியும், அழுத்தமும் இறங்கும். இரண்டாமவனுக்கு அழுத்தம் மிகுந்தது அடைப்பால். துவாரத்தை மூடினும் அடைப்பு அகலாது. இன்றும் உலகெங்கும் வைத்தியர்கள் இத்தடையை வுட் அலகு என்ற பெயராலேயே குறிக்கின்றனர். உயில் எழுதாமலே ஒரு மனிதர் விட்டுச்சென்ற சொத்து இது.

1958-ஆம் ஆண்டுச் சொற்பொழிவு

1958-இல் லண்டன் ராஜாங்க மருத்துவர் கழகத்தில் நிகழ்ந்த குரோனியன் சொற்பொழிவுகளில் வுட் தம் முடிவுகளை உலகுக்கு அறிவித்தார். தாம் நேரில் ஆராய்ந்த 127 நோயாளிகளை ஆதாரமாகக் கொண்டு பேசினார். ஐசன்மெங்கர் கண்டது ஒரு தனித்த அமைப்புக் கோளாறு அன்று என்றார். துவாரம் மேலறையில் இருந்தாலும், கீழறையில் இருந்தாலும், பெருந்தமனிகளுக்கிடையே இருந்தாலும், நுரையீரலின் தடை உயர்ந்து ஓட்டம் திரும்பிவிட்டால் முடிவு ஒன்றே என்றார். எங்கே துவாரம் என்பதைவிட நுரையீரலின் நிலை என்ன என்பதே நோயாளியின் வாழ்வைத் தீர்மானிக்கும் என்பது இதன் சாரம். தடை சுமார் 10 அலகையும் தாண்டி ஓட்டமும் திரும்பிய நிலையை அவர் எல்லையாகக் குறித்தார். அவ்வெல்லையைக் கடந்தவர்களுக்குத் துவாரத்தை அடைத்தல் ஆகாது என்று உறுதியாக எச்சரித்தார்.

அச்சொற்பொழிவில் படுக்கையருகே நின்று செய்யும் சோதனைக்கும் உரிய இடம் தரப்பட்டது. இந்நோயில் இரண்டாம் இருதய ஒலி ஒன்றாகவே கேட்டால் துவாரம் கீழறையில் என்றும், அகலப் பிளந்து மூச்சின் ஏற்ற இறக்கத்தால் மாறாது நின்றால் மேலறையில் என்றும், இயல்பாகப் பிளந்து கேட்டால் மூடாத தமனிக் குழாய் என்றும் ஊகிக்கலாம். குழாய் மூடாத நோயாளிக்கு இன்னோர் அடையாளமும் உண்டு. கருநீர் கைகளுக்குச் செல்லும் கிளைகளைத் தாண்டியே மகாதமனியில் கலப்பதால், கைவிரல் சிவந்திருக்கக் கால்விரல் நீலம் பாய்ந்திருக்கும். நோயாளியின் போர்வையை விலக்கிக் கால்களைப் பார்க்காத வைத்தியர் இதை அறியவே மாட்டார். இருதய நோயைக் காலில் கண்டறிவது விந்தையன்றோ!

மற்றோர் உண்மையையும் மறவாது கூறவேண்டும். நுரையீரல் தடை உயர்ந்தாலே கைவிடுக என்று வுட் சொல்லவில்லை. கீல்வாதக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கியவர்களுக்கும் நுரையீரலில் அழுத்தமும் தடையும் உயர்வதுண்டு. அந்நோயாளிகளின் நுரையீரல் தமனியில் அசிடைல்கோலின் என்ற மருந்தைச் செலுத்திப் பார்த்தார். தடை கணிசமாக இறங்கியது. தமனிகள் தடித்துப் போனதால் மட்டுமன்றி, இறுகிச் சுருங்கியதாலும் தடை உயர்கிறது என்பது இதனால் வெளியாயிற்று. இறுக்கம் தளரக்கூடியது, ஆதலின் சுருங்கிய வால்வை விரித்தால் நுரையீரலும் தேறும். ஆகவே ஒரே குறி ஒரு நோயில் அறுவைக்குத் தடையாகவும், மற்றொரு நோயில் அறுவைக்குக் காரணமாகவும் அமைகிறது. பழுது நிலைத்ததா, இளகக்கூடியதா என்று கண்டறிவதே வைத்தியம். அவ்வாண்டிலேயே அமெரிக்காவில் ஹீத், எட்வர்ட்ஸ் என்னும் இருவர் நுண்தமனிகள் தடிக்கும் நிலைகளை ஆறு படிகளாகப் பிரித்துக் காட்டினர். வுட் நோயாளியிடம் அளந்ததை அவர்கள் பூதக்கண்ணாடியின் கீழ்க் கண்டனர்.

முடியாது என்று சொல்லும் துணிவு

இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். ஒரு தாய் தன் பன்னிரண்டு வயது மகனை அழைத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்கு வருகிறாள். உதடு நீலம் பாய்ந்த பிள்ளை. பத்திரிகைகள் எல்லாம் இருதய அறுவையின் அற்புதங்களை எழுதுகின்றன. அடுத்த கட்டிலில் இருந்த குழந்தை துவாரம் அடைபட்டு ஓடியாடி வீடு திரும்புகிறது. இவளிடம் மட்டும், உன் பிள்ளைக்கு அறுவை கூடாது என்று வைத்தியர் சொல்லவேண்டும். செய்துதான் பார்ப்போமே என்று கூறுவது எளிது, புகழும் கெடாது, இறந்தால் விதி என்று உலகம் சொல்லும். மறுப்பதற்கே துணிவு வேண்டும். அத்துணிவுக்கு ஆதாரம் வேண்டும். வுட் அளித்தது அந்த ஆதாரம். அவருடைய கணக்கு எத்தனையோ நோயாளிகளை, மேசையில் மாளாமல், நீலம் பாய்ந்த உடலுடனேனும் மேலும் பல்லாண்டுகள் வாழ வைத்தது.

அதே கணக்கு வேறொரு பாடத்தையும் கற்பித்தது. எல்லையைக் கடந்தபின் ஒன்றும் செய்ய இயலாதாயின், எல்லையை அடையுமுன் செயற்படவேண்டும் என்பதே அது. தொடக்க காலத்தில் குழந்தை சற்று வளரட்டும், பின்னர் அறுவை செய்யலாம் என்று காத்திருந்தனர். மிகச் சிறு சிசுக்களின் இருதயத்தைத் திறக்க அஞ்சி, நுரையீரல் தமனியைச் சுற்றி ஒரு பட்டையைக் கட்டி வெள்ளத்தைக் குறைக்கும் முறையை முல்லர், டாம்மன் என்னும் அமெரிக்க வைத்தியர்கள் 1952-இல் வெளியிட்டனர். நாளடைவில் முறைகள் தேர்ந்தன. இன்று கீழறையில் பெரும் துவாரமுள்ள சிசுவுக்குப் பெரும்பாலும் முதல் ஆண்டு நிறைவதற்குள்ளாகவே, தமனிகள் தடிப்பதற்கு முன்னரே, துவாரத்தை அடைத்துவிடுகின்றனர்.

மறைவும் மரபும்

விதியின் விளையாட்டை என்னென்பது! வாழ்நாளெல்லாம் பிறர் இருதயத்தைக் காத்த அந்த மேதையைத் தம் இருதயமே கைவிட்டது. 1962 ஜூலை 13-ஆம் நாள் மாரடைப்பு நோயால் பால் வுட் லண்டனில் காலமானார். அப்போது அவருக்கு 55 வயது கூட நிறையவில்லை. தம் நூலின் மூன்றாம் பதிப்பை அவர் காணவில்லை. அவருடைய நண்பர்களும் மாணவர்களும் கூடி அதை 1968-இல் வெளியிட்டனர்.

அவர் காணாத முன்னேற்றங்கள் வேறு பல உண்டு. 1981-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் இருதயத்தையும் நுரையீரலையும் ஒருங்கே மாற்றும் சிகிச்சை வெற்றி பெற்றது. நுரையீரல் தமனிகளைத் தளர்த்தும் மாத்திரைகள் வந்தன. அவற்றுள் போசென்டான் என்ற மருந்து ஐசன்மெங்கர் நோயாளிகளின் நடக்கும் ஆற்றலைக் கூட்டுவதாக 2006-இல் வெளியான ஆய்வு காட்டியது. அசிடைல்கோலினுக்குப் பதிலாகப் பிராணவாயுவையும் நைட்ரிக் ஆக்ஸைடு வாயுவையும் சுவாசிக்கச் செய்து, தடை இளகுமா என்று இன்று சோதிக்கின்றனர். ஆயினும் முடிவெடுக்கும் முறை அவர் வகுத்ததே. வயது வந்தோரில் தடை 3 வுட் அலகுக்குக் குறைவாயின் துவாரத்தை அடைக்கலாம். 3-க்கும் 5-க்கும் இடைப்பட்டால் ஒவ்வொருவர் நிலையையும் நுணுகி ஆராய்ந்தே முடிவு செய்யவேண்டும். 5-க்கு மேற்பட்டால் மருந்தால் குறைகிறதா என்று பார்த்த பின்னரே அறுவையைப் பற்றி எண்ணலாம். மருந்துக்கும் இறங்காவிடில் தொடலாகாது. 2022-இல் ஐரோப்பிய வைத்தியர் சங்கங்கள் வெளியிட்ட நெறிமுறை இவ்வாறு கூறுகிறது. எண்கள் திருந்தின, கணக்கு மாறவில்லை.

நம் ரயில்வே குடும்பமும் இருதய மருத்துவத்தில் பின்தங்கியதன்று. சென்னைப் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் 1975-ஆம் ஆண்டிலேயே இருதயத்தின் சொந்தத் தமனிக்கு மாற்றுப்பாதை அமைக்கும் அறுவை நடைபெற்றது. பெரிய நகரங்களில் வாழும் நமக்கு இன்று இருதயத்தை ஒலியலைகளால் படம் பிடிக்கும் எக்கோ சோதனை எட்டும் தூரத்தில் இருக்கிறது. வுட் காலத்து வைத்தியர் நுண்குழாய் செலுத்தி அறிந்தவற்றுள் பலவற்றை, ஊசி முனை கூடப் படாமல் அச்சோதனை முதற்கண் காட்டிவிடும்.

ஆகவே, காலனித் தாய்மார்களுக்கும் தந்தைமார்களுக்கும் இவ்வரலாறு கூறும் செய்தி யாது? பால் குடிக்கும் குழந்தை இடையிடையே நிறுத்தி மூச்சு வாங்கினாலும், தலை நனைய வியர்த்தாலும், எடை ஏறாமல் மாதந்தோறும் சளிக் காய்ச்சலில் படுத்தாலும், சீர் தட்டியது, கண்ணேறு பட்டது என்று நாள் கடத்தலாகாது. விபூதி இடுவதோடு வைத்தியரிடமும் காட்டவேண்டும். இருதயத்தில் இரைச்சல் உண்டு என்று ஒரு முறை வைத்தியர் கூறியபின், குழந்தை தானே தேறியதுபோலத் தோன்றினும் சோதனையை நிறுத்தலாகாது. சிறிய துவாரங்கள் பல தாமாகவே மூடிக்கொள்வது உண்மைதான். ஆயின் மூடியது துவாரமா, நுரையீரலின் வழியா என்பதைச் சோதனை அன்றிக் கண்ணால் காண இயலாது. எல்லை கடந்த நிலையில் உள்ளவர் நம்மிடையே இருப்பாராயின், அறுவை கூடாது என்று வைத்தியர் கூறுவதை வைத்தியரின் இயலாமை என்று எண்ணி வேறு வாசல்களில் அலைந்து பொருளையும் உயிரையும் இழத்தல் வேண்டா. மருந்தும் கண்காணிப்பும் கொண்டு அவர்கள் நெடுநாள் வாழ வழியுண்டு. அத்தகைய பெண்டிர்க்குக் கருத்தரித்தல் உயிருக்கே பேராபத்து என்பதையும், மணம் பேசுமுன்னரே வைத்தியர் வாயிலாகக் குடும்பத்தார் அறிந்துகொள்ளுதல் நலம்.

குன்னூரில் பிறந்து, டாஸ்மேனியாவில் படித்து, லண்டனில் உழைத்து மறைந்த அப்பெருமகனார் ஒரு துவாரத்தையும் தம் கையால் தைத்ததில்லை. ஆயினும் இன்று எந்த ஊரில் எந்தக் குழந்தையின் இருதயத் துவாரம் அடைக்கப்பட்டாலும், அறுவைக்கு முன் வைத்தியர்கள் கூடி நுரையீரலின் நிலையை ஆராயும் அந்த ஒரு நாழிகையில் அவருடைய கணக்கு அங்கே போடப்படுகிறது. செய்யத் தெரிந்ததை எல்லாம் செய்துவிடுவது திறமை. செய்யத் தகுந்ததை மட்டும் செய்வது அறிவு. அவ்வறிவை அளந்து காட்டிய டாக்டர் பால் வுட்டின் பெயர், இருதயம் துடிக்கும் காலம்வரை நின்று வாழ்க!